இப்னு கல்தூன்: சட்டமும் சமூகமும் ஒருங்கே கற்ற மாணவர்

பட்ட வகுப்பில் சேர வரும் மாணவர் சிலர் ஆண்டுதோறும் நம்மிடம் ஒரு வினாவைக் கேட்பதுண்டு. ஒரு பாடத்தை முதன்மையாக எடுத்துக்கொண்டு, அதனோடு சட்டத்தையும் சமூகத்தையும் பற்றிய படிப்பையும் மேற்கொள்ளலாமா என்பதே அவ்வினா. உடன் வரும் பெற்றோர் தயங்குவர். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்னும் பழமொழி அவர்தம் நாவின் நுனியில் நிற்கும். பிள்ளை ஒன்றையேனும் உருப்படியாகப் படிக்கட்டும் என்பது அவர்கள் கவலை. அக்கவலையைப் பிழை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் அவ்வினாவைக் கேட்கும்போதெல்லாம் ஆறரை நூற்றாண்டுகளுக்கு முன்னர் வட ஆப்பிரிக்காவின் தூனிஸ் நகரில் வாழ்ந்த ஓர் இளைஞர் நம் நினைவுக்கு வருகின்றார். சட்டத்தை ஓர் ஆசிரியரிடமும் தருக்கத்தையும் தத்துவத்தையும் மற்றோர் ஆசிரியரிடமும் பயின்று, பின்னாளில் சமூகத்தைப் பற்றிய ஒரு புதிய அறிவியலையே உலகுக்கு வழங்கியவர் அவர். அவரே இப்னு கல்தூன்.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்றும் உண்டு. மாணவனுக்கு ஒரே வேளையில் இரண்டு கலைகளைக் கலந்து கற்பிக்கலாகாது என்று தம் நூலில் எழுதி வைத்தவரும் இவரே. இரண்டும் கற்று உயர்ந்த ஒருவர் இரண்டையும் கலக்காதே என்று எச்சரித்தது ஏன்? இவ்வினாவுக்கு விடை அவருடைய வாழ்க்கையிலேயே இருக்கின்றது. ஆகவே அவ்வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

குடியும் பிறப்பும்

அப்துர் ரஹ்மான் இப்னு முஹம்மத் இப்னு கல்தூன் ஹிஜ்ரி 732ஆம் ஆண்டு ரமளான் முதல் நாள், அதாவது 1332ஆம் ஆண்டு மே 27ஆம் நாள், தூனிஸ் நகரில் பிறந்தார். அவர்தம் முன்னோர் தென் அரபு நாட்டின் ஹளரமவ்த் பகுதியைச் சேர்ந்தவர்கள். அங்கிருந்து ஸ்பெயின் நாட்டுக்குப் பெயர்ந்து, இஷ்பீலியா என அரபியர் வழங்கிய செவில் நகரில் பல தலைமுறைகள் செல்வாக்குடன் வாழ்ந்தனர். 1248ஆம் ஆண்டு அந்நகர் காஸ்டீல் மன்னரிடம் வீழ்வதற்கு முன்பே அக்குடும்பம் கடல் கடந்து வட ஆப்பிரிக்காவுக்கு வந்து, நாளடைவில் தூனிஸில் நிலைபெற்றது.

குடும்பத்தின் முன்னோர் அரசியலில் உயர்ந்தவர்கள். அரசியலால் அழிந்தவர்களும் உண்டு. ஹஃப்ஸிய்யா மன்னர்களிடம் பதவி வகித்த அவருடைய பாட்டனாரின் தந்தையார் ஆட்சி மாற்றத்தின்போது கொல்லப்பட்டார். இவற்றையெல்லாம் அறிந்த தந்தையார் அரண்மனை வாழ்வை வெறுத்துக் கல்வியிலேயே நாட்டங்கொண்டார். ஆகவே நம் மாணவர் பிறந்த வீட்டில் இரண்டு மரபுகள் ஒருங்கே இருந்தன. ஒன்று ஆட்சியின் மரபு. மற்றொன்று கல்வியின் மரபு. இவ்விரண்டுக்கும் இடையே இழுபட்டதே அவருடைய வாழ்நாள் முழுவதும் எனலாம்.

முதற்பாடம் சட்டம்

அக்காலத்து ஒழுங்கின்படி அவர் முதலில் திருக்குர்ஆனை மனனம் செய்தார். அதனை ஓதும் ஏழு முறைகளையும் பயின்றார். அரபு இலக்கணமும் கவிதையும் தந்தையாரிடமும் பிற ஆசிரியர்களிடமும் கற்றார். பின்னர் நபிமொழியும் மாலிக்கீ மத்ஹபின் சட்டமும் தொடர்ந்தன. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா அவர் ஊன்றிக் கற்ற நூல்களுள் ஒன்று.

ஃபிக்ஹு எனப்படும் இச்சட்டக் கல்வியை இன்றைய சட்டக் கல்லூரிப் பாடம் போன்ற தனியொரு தொழிற்படிப்பாக நாம் எண்ணிவிடலாகாது. தொழுகை முதல் வாணிகம் வரை, திருமணம் முதல் பாகப்பிரிவினை வரை, மனித வாழ்வு அனைத்தையும் அது தழுவி நின்றது. அதனைக் கற்பவர் இரண்டு திறன்களைப் பெற்றாக வேண்டும். ஒன்று, ஒரு செய்தியை யார் யாரிடமிருந்து கேட்டுச் சொன்னார், அவர் நம்பத் தக்கவரா என்று ஆராயும் திறன். மற்றொன்று, ஒரு விதி எந்த நன்மையைக் கருதி, எந்தத் தீமையைத் தடுக்க வந்தது என்று அதன் நோக்கத்தைத் தேடும் திறன். இவ்விரண்டு திறன்களும் பின்னாளில் அவரைச் சட்டத்தின் எல்லைக்கு அப்பாலும் அழைத்துச் சென்றன.

மற்றொரு பாடமும் மற்றோர் ஆசிரியரும்

1347ஆம் ஆண்டு மொராக்கோவின் மரீனிய்யா மன்னர் அபுல் ஹஸன் படையெடுத்துவந்து தூனிஸைக் கைப்பற்றினார். அம்மன்னரின் பரிவாரத்தில் அறிஞர் பலர் இருந்தனர். அவர்களுள் ஒருவர் திலிம்ஸான் நகரத்தவரான முஹம்மத் இப்னு இப்ராஹீம் அல்ஆபிலீ. கணிதம், தருக்கம், தத்துவம் ஆகியவற்றில் அவர் பெரும்புலமை உடையவர். அவர் இப்னு கல்தூனின் தந்தையாருடன் நட்புக்கொண்டு அவ்வில்லத்திலேயே தங்கினார். மாணவருக்கு அப்போது வயது பதினைந்து.

தருக்கத்தை அடிப்படையாக வைத்து, இப்னு ஸீனா, இப்னு ருஷ்து, ஃபக்ருத்தீன் ராஸி, நஸீருத்தீன் தூஸி முதலியோரின் சிந்தனை உலகுக்கு அவ்வாசிரியர் இம்மாணவரை அழைத்துச் சென்றார். சட்ட வகுப்பில் விதி யாது என்று கேட்கப் பழகிய இளைஞர், இங்கே காரணம் யாது என்று கேட்கப் பழகினார். தம் வாழ்நாள் இறுதிவரை இந்த ஆசிரியரை அவர் நன்றியோடு போற்றினார்.

அடுத்து வந்தது பேரிடி. 1348, 1349ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோய் தூனிஸைச் சூறையாடியது. தாயும் தந்தையும் மாண்டனர். ஆசிரியர் பலரும் மாண்டனர். பதினேழு வயதில் நம் மாணவர் பெற்றோரையும் இழந்து, தாம் அமர்ந்து கற்ற அவைகளையும் இழந்து நின்றார். தெருக்கள் வெறிச்சோடியதையும், தொழில்கள் நின்றதையும், அரசுகள் தளர்ந்ததையும் அவர் கண்ணாரக் கண்டார். சமூகம் என்பது என்றும் நிலைத்து நிற்கும் மலை அன்று, அது பிறந்து வளர்ந்து தேய்ந்து மறையும் ஓர் உயிர்ப்பொருள் போன்றது என்னும் எண்ணம் பின்னாளில் அவர் நூலில் மேலோங்கி நிற்கின்றது. அதன் வித்து இக்காலத்தில் விழுந்தது என்று நாம் கருதுவது பிழையாகாது. உலகமே புதிதாகப் படைக்கப்பட்டாற்போல மாறிவிட்டது என்று அக்கொள்ளைநோயைப் பற்றி அவர் தம் நூலின் முகப்பில் எழுதுகின்றார்.

அத்துயரிலும் அவர் படிப்பை விடவில்லை. ஆசிரியர் ஆபிலீ மொராக்கோவுக்குத் திரும்பும்வரை மேலும் சில ஆண்டுகள் அவரிடமே கற்றார். ஹிஜ்ரி 752இல், அதாவது 1351இல், ராஸியின் இறையியல் நூலொன்றைச் சுருக்கி லுபாபுல் முஹஸ்ஸல் என்னும் நூலை எழுதி முடித்தார். அப்போது வயது பத்தொன்பது. இன்றைய கணக்கில் இளங்கலை மாணவரின் வயது. அவர் தம் கைப்பட எழுதிய அப்படி ஸ்பெயினின் எஸ்கோரியல் நூலகத்தில் உள்ளது.

அரண்மனையும் சிறையும்

தூனிஸில் அரசு ஆணைகளின் தலைப்பில் முத்திரை வாசகம் எழுதும் பணி அவருக்கு முதலில் கிட்டியது. அதில் அவர் மனம் நிலைக்கவில்லை. 1352இல் ஊரை விட்டுப் புறப்பட்டு, 1354இல் ஃபெஸ் நகரை அடைந்து, மன்னர் அபூ இனானின் அறிஞர் அவையில் இடம்பெற்றார். அங்கும் மக்ரிபிலிருந்தும் அந்தலூஸிலிருந்தும் வந்த அறிஞர்களிடம் தொடர்ந்து கற்றார். ஆயினும் அரசியல் சூழ்ச்சி ஒன்றில் ஈடுபட்டார் என்னும் ஐயத்தின் பேரில் 1357இல் சிறையிலிடப்பட்டு, ஏறத்தாழ இருபத்தொரு மாதங்கள் அங்கே கிடந்தார். மன்னர் இறந்த பின்னரே விடுதலை கிடைத்தது. அடுத்து வந்த அபூ ஸாலிமின் ஆட்சியில் அரசுச் செயலராக விளங்கியதோடு, ஆட்சியாளரின் கொடுமைகளைப் பற்றிய முறையீடுகளைக் கேட்கும் மளாலிம் மன்றத்தின் பொறுப்பையும் வகித்தார். நூல்களில் கற்ற சட்டம் அழுத மக்களின் முகங்களாக அவர் முன் வந்து நின்றது இங்கேதான்.

ஃபெஸ் நகரத்து நிகழ்ச்சி ஒன்று நம் தமிழ் மண்ணோடும் தொடர்புடையது. மதுரை சுல்தான்களின் ஆட்சிக் காலத்தில் நம் நாட்டுக்கு வந்து சென்ற இப்னு பதூதா அந்நாளில் தாயகம் திரும்பியிருந்தார். தில்லி சுல்தானின் கொடைத்திறம் முதலியவற்றை அவர் விரித்துரைக்க, கேட்டோர் பலர் நம்ப மறுத்தனர். இளைஞரான இப்னு கல்தூனும் ஐயுற்று, அமைச்சர் ஃபாரிஸ் இப்னு வத்ராரிடம் அதனைக் கூறினார். அமைச்சர் ஒரு கதை சொன்னார். சிறையிலிடப்பட்ட அமைச்சர் ஒருவரின் மகன் சிறையிலேயே வளர்ந்தானாம். உண்ணும் இறைச்சி எதனுடையது என்று அவன் கேட்க, தந்தை ஆட்டைப் பற்றி எடுத்துரைத்தாராம். எவ்வளவு விளக்கியும் அச்சிறுவனால் ஆட்டை எலியாகவே எண்ண முடிந்ததாம். சிறையில் அவன் கண்ட விலங்கு எலி ஒன்றே அன்றோ! தாம் காணாத காரணத்தால் ஒன்றை இல்லையென்று மறுக்கலாகாது என்பது அமைச்சர் உணர்த்திய பாடம். செய்தியை அப்படியே நம்புவதும் பிழை. அப்படியே மறுப்பதும் பிழை. அது நிகழக் கூடியதா என்று உலகியலைக் கொண்டு அளக்க வேண்டும் என்னும் கொள்கையை விளக்க இக்கதையை அவர் தம் நூலில் சேர்த்துவைத்தார்.

1362இன் இறுதியில் அவர் கிரனாடா சென்றார். ஐந்தாம் முஹம்மத் என்னும் மன்னரும், புலவரும் அமைச்சருமான லிஸானுத்தீன் இப்னுல் கதீபும் அவரை வரவேற்றனர். 1364இல் காஸ்டீல் மன்னர் பேத்ரோவிடம் தூதராகச் சென்றபோது, தம் முன்னோர் வாழ்ந்த செவில் நகரையும் கண்டார். தம்மிடமே தங்கிவிட்டால் முன்னோரின் சொத்துகளைத் திருப்பித் தருவதாக அம்மன்னர் கூறியதையும் அவர் ஏற்கவில்லை.

1365இல் பிஜாயா நகரின் ஆட்சியில் மன்னருக்கு அடுத்த உயர்பதவி கிட்டியது. பகலில் அரசுக் காரியங்களை முடித்ததும் அவர் கோட்டைப் பள்ளிவாசலுக்குச் சென்று மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். மலைவாழ் பர்பர் குலத்தாரிடம் வரி தண்டவும் அவரே சென்றார். மறு ஆண்டே அம்மன்னர் போரில் மாய, வேறு வேறு அரசர்களுக்காகப் பாலைவன அரபுக் குலங்களிடையே தூது செல்வதில் பல ஆண்டுகள் கழிந்தன.

இக்காலத்தில் அவர் அடிக்கடி பக்கம் மாறினார் என்னும் குற்றச்சாட்டு உண்டு. அதனை நாம் மறைக்க வேண்டுவதில்லை. வீழும் அரசரை விட்டு வெல்லும் அரசரிடம் அவர் சென்றதுண்டு. அவர் குறையற்றவர் என்று கூறுவது நம் நோக்கமன்று. அக்குறைகள் நிறைந்த வாழ்விலிருந்தும் அவர் எதைக் கற்றார் என்பதே நாம் காண வேண்டுவது. சமூகம் என்னும் பாடத்திற்கு அந்நாளில் வகுப்பறையும் இல்லை, பாடநூலும் இல்லை. அரண்மனையிலும் சிறையிலும் பாலைவனக் கூடாரங்களிலும் அவர் அதனைப் பயின்றார்.

கோட்டையில் பிறந்த நூல்

1375இல் அரசியலில் சலிப்புற்ற அவர், இன்றைய அல்ஜீரியாவில் உள்ள இப்னு ஸலாமா கோட்டையில் குடும்பத்துடன் ஒதுங்கினார். அங்கே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். 1377இல் ஐந்தே மாதங்களில் முகத்திமாவின் முதல் வரைவை எழுதி முடித்தார். கிதாபுல் இபர் என்னும் தம் பெரும் வரலாற்று நூலுக்கு முன்னுரையாக எழுதப்பட்ட இந்நூல் அவ்வரலாற்றைவிடப் புகழ்பெற்றது.

மனித சமூகத்தின் பொதுத்தன்மை, பாலைவன வாழ்வு, அரசும் ஆட்சியும், நகரங்கள், தொழிலும் பிழைப்பும், கல்வியும் கலைகளும் என ஆறு பகுதிகளாக அது அமைந்துள்ளது. மக்களைக் கூட்டாக இணைத்து நிறுத்தும் பிணைப்பை அவர் அஸபிய்யா என்றார். கடின வாழ்வு வாழும் குலத்தாரிடம் அது வலுத்திருக்கும். அவர்கள் நகரை வென்று ஆட்சி அமைப்பர். செல்வத்திலும் சுகத்திலும் அது தளரும். தளர்ந்தபின் வேறொரு குலம் மேலெழும். ஓர் அரசகுலத்தின் வாழ்நாள் பெரும்பாலும் மூன்று தலைமுறை, அதாவது ஏறத்தாழ 120 ஆண்டுகள் என்பது அவர் கணக்கு. ஆட்சியின் தொடக்கத்தில் வரிவிகிதம் குறைவாகவும் வருவாய் மிகுதியாகவும் இருக்கும். முடிவில் வரிவிகிதம் மிகும், வருவாயோ குறையும் என்றும் அவர் விளக்கினார். மலைவாழ் மக்களிடம் தாமே வரி தண்டியவரின் கூற்று அது என்பதை நாம் மறத்தலாகாது.

சட்டக் கல்வி இந்நூலில் எவ்வாறு கலந்து நிற்கின்றது என்பதற்கு நான்கு சான்றுகள் காட்டலாம்.

முதலாவது, செய்தியை ஆராயும் முறை. நபிமொழியிலும் சட்டத்திலும் அறிவிப்பாளரின் நேர்மையை ஆராய்வது வழக்கம். சட்டக் கட்டளைகளுக்கு அது பொருந்தும் என்று ஏற்ற இப்னு கல்தூன், நடந்த நிகழ்ச்சிகளைப் பற்றிய செய்திகளுக்கு அது மட்டும் போதாது என்றார். அந்நிகழ்ச்சி சமூகத்தின் இயல்புக்கு ஏற்ப நிகழக் கூடியதா என்று முதலில் பார்க்க வேண்டும். நிகழவே இயலாத ஒன்றைச் சொன்னவரின் நேர்மையை ஆராய்வதில் பயனில்லை. மூஸா நபி (அலை) அவர்களின் காலத்துப் படைவீரர் ஆறு லட்சத்திற்கும் மேல் எனப் பழைய வரலாற்றாசிரியர் எழுதியதை, அத்தனை பேர் அணிவகுக்க நிலம் ஏது, சில தலைமுறைகளுக்குள் அத்தனை பேர் பெருகுவது எங்ஙனம் என்று கேட்டு அவர் மறுத்தார். சட்டம் கற்ற மாணவரிடமிருந்து சாட்சியை விசாரிக்கும் கண்ணும், தருக்கம் கற்ற மாணவரிடமிருந்து இயலுமா எனக் கேட்கும் கண்ணும் இங்கே ஒன்றாயின.

இரண்டாவது, ஒரு சட்டநெறி ஓரிடத்தில் பரவியதன் காரணம். மக்ரிபிலும் அந்தலூஸிலும் மாலிக்கீ நெறி மேலோங்கியது ஏன் என்று அவர் ஆராய்ந்தார். அந்நாட்டார் ஹஜ்ஜுக்காக ஹிஜாஸ் சென்றனர். அவர்கள் பயணம் அங்கேயே முடிந்தது. மதீனா அந்நாளில் கல்வியின் இருப்பிடம். இராக்கு அவர்கள் வழியில் இல்லை. மேலும் இருநாட்டாரின் எளிய வாழ்க்கைமுறையும் ஒத்திருந்தது. இவ்வாறு பயணப் பாதையையும் வாழ்க்கைமுறையையும் காட்டி அவர் விடை கண்டார்.

மூன்றாவது, விதியின் நோக்கம். தலைமைக்குரியவர் குறைஷிக் குலத்தவராக இருத்தல் வேண்டும் என்னும் சட்ட அறிஞர்களின் நிபந்தனையை அவர் எடுத்துக்கொண்டார். அந்நாளில் அரபு மக்களை ஒன்றாக இணைத்து நிறுத்தும் வலிமை அக்குலத்துக்கு இருந்தது. பிளவைத் தவிர்ப்பதே அவ்விதியின் நோக்கம் என்று அவர் கருதினார். ஆகவே அந்த இணைப்பு வலிமையே கவனிக்க வேண்டுவது என்பது அவர் முடிவு. இம்முடிவை எல்லோரும் ஏற்றனர் அல்லர். ஆயினும் விதியின் சொல்லோடு அது பிறந்த சமூகத்தையும் சேர்த்துப் படிக்கும் துணிவு இங்கே புலனாகின்றது.

நான்காவது, அநீதி. பிறர் பொருளைப் பறிப்பது மட்டும் அநீதியன்று. கூலியின்றி வேலை வாங்குவதும், சட்டம் விதிக்காத கடமையைச் சுமத்துவதும், உரிமையில்லாததைக் கோருவதும் அநீதியே என்றார். உழைப்பின் பயன் தமக்கில்லை என்று கண்டால் மக்கள் உழைப்பை விடுவர், சந்தை வெறிச்சோடும், குடிகள் சிதறுவர், இறுதியில் அரசும் அழியும். சமயம், உயிர், அறிவு, சந்ததி, உடைமை ஆகிய ஐந்தையும் காப்பது ஷரீஅத்தின் நோக்கம் என்று சட்ட வகுப்பில் கற்ற பாடம் இங்கே சமூகத்தின் வாழ்வும் அழிவும் பற்றிய விளக்கமாக விரிகின்றது.

நீதிபதி இருக்கையில்

நூலை எழுதிவிட்டுச் சமூகத்தை எட்டநின்று பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. 1378இல் தூனிஸுக்குத் திரும்பியவர், அங்குப் பொறாமைக்காரர்களின் தொல்லை மிகவே, 1382இல் ஹஜ்ஜுப் பயணம் எனக் கூறிக் கப்பலேறி எகிப்து சென்றார். கெய்ரோவில் அல்அஸ்ஹர் பள்ளிவாசலில் அவர் பாடம் நடத்த, மாணவர் திரண்டனர். சுல்தான் பர்கூக் அவரை மாலிக்கீ சட்டப் பேராசிரியராகக் கம்ஹிய்யா மத்ரஸாவில் அமர்த்தினார். 1384இல் மாலிக்கீ தலைமைக் காழியாகவும் நியமித்தார். 1265இல் மன்னர் பைபர்ஸ் வகுத்த முறைப்படி நான்கு மத்ஹபுகளுக்கும் நான்கு தலைமைக் காழிகள் அந்நகரில் இருந்தனர்.

நீதிமன்றத்தில் அவர் கண்டது என்ன? பொய்ச்சாட்சி கூறுவோர் நேர்மையாளர் பட்டியலில் இடம்பெற்றிருந்தனர். பத்திரம் எழுதுவோர் செல்வாக்குள்ளவர்க்கு ஏற்ப வக்ஃபுச் சொத்துகளை அழிக்கும் தந்திரங்களை ஆக்கிக் கொடுத்தனர். வழக்காடும் இருவருக்கும் ஆளுக்கொரு ஃபத்வாவை வழங்கும் தகுதியற்ற முஃப்திகளும் இருந்தனர். அவர் பொய்ச்சாட்சிகளைத் தண்டித்தார், தகுதியற்றோரைத் தடுத்தார், பெரிய மனிதர்களின் சிபாரிசை ஏற்க மறுத்தார். எழுதப்பட்ட சட்டத்தில் குறையில்லை. அதைச் சூழ்ந்து நின்ற மனிதக் கூட்டத்தில்தான் குறை இருந்தது. சமூகத்தை அறியாத காழியாக இருந்திருப்பின் அந்தப் பத்திரங்களின் அழகிய அரபு நடையைக் கண்டே அவர் ஏமாந்திருக்கக் கூடும்.

இதன் விலை பெரிது. பகைவர் பெருகினர், அவதூறுகள் எழுந்தன. அவ்வேளையிலேயே தூனிஸிலிருந்து அவரிடம் வந்துகொண்டிருந்த குடும்பத்தார் கப்பல் உடைந்து கடலில் மாண்டனர். பதினேழாம் வயதில் பெற்றோரைக் கொள்ளைநோய்க்குக் கொடுத்தவர், ஐம்பத்திரண்டாம் வயதில் மனைவி மக்களைக் கடலுக்குக் கொடுத்தார். மறு ஆண்டு பதவியும் போயிற்று. ஹிஜ்ரி 789இல் ஹஜ்ஜை நிறைவேற்றித் திரும்பிக் கற்பித்தலிலும் எழுத்திலும் மூழ்கினார். பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் 1399இல் மீண்டும் காழியானார். நீக்கப்படுவதும் மீண்டும் அமர்த்தப்படுவதுமாக மொத்தம் ஆறு முறை அப்பதவியை வகித்தார். வரலாற்றாசிரியர் மக்ரீஸி அவரைப் போற்றிய மாணவர். ஹதீஸ் அறிஞர் இப்னு ஹஜர் அவரைக் குறைகூறியவர்களுள் ஒருவர்.

1401இன் தொடக்கத்தில் டமாஸ்கஸ் நகரை தைமூர் முற்றுகையிட்டிருந்தபோது, அறுபத்தெட்டு வயது முதியவரான அவர் மதிலிலிருந்து கயிற்றால் இறக்கப்பட்டு அவ்வெற்றியாளரைச் சந்தித்தார். தைமூர் கேட்டுக்கொண்டபடி மக்ரிபு நாடுகளைப் பற்றி எழுதியும் கொடுத்தார். நகரை நெருப்பினின்று காக்க அச்சந்திப்பால் இயலவில்லை. 1406 மார்ச்சு 17ஆம் நாள், காழிப் பதவியில் இருந்தபடியே அவர் கெய்ரோவில் மறைந்தார். பாபுன் நஸ்ர் வாயிலுக்கு வெளியே ஸூஃபிகளின் அடக்கத்தலத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

வினாவுக்கு விடை

இனித் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். ஒரே வேளையில் இரண்டு கலைகளைக் கலந்து கற்பிக்கலாகாது என்று அவர் கூறியதன் காரணம் யாது? மாணவனின் மனம் இரண்டாகப் பிளவுபட்டு, இரண்டும் கடினமாகத் தோன்றி, இரண்டிலும் அவன் தோற்றுவிடுவான் என்பதே. ஒரு கலையை முதலில் பொதுவாகவும், இரண்டாம் முறை விளக்கமாகவும், மூன்றாம் முறை அதன் சிக்கல்கள் தீருமாறும் கற்பித்தால் அது மாணவனின் இயல்பாகவே ஊன்றிவிடும் என்பது அவர் கொள்கை. ஒன்று ஊன்றிவிட்டால் அடுத்ததைக் கற்கும் ஆற்றல் தானே பிறக்கும். ஆகவே அவர் தடுத்தது வேர்விடாத கல்வியைத்தான்; இரண்டாம் பாடத்தை அன்று. அவரும் சட்டத்தை முழுவதும் முடித்த பின்னர் தத்துவத்தைத் தொடங்கியவர் அல்லர். ஆயினும் குர்ஆனும் மொழியும் சட்டத்தின் அடிப்படையும் உள்ளத்தில் பதிந்திருந்த வீட்டுக்கே ஆபிலீ வந்து சேர்ந்தார்.

பத்தொன்பது வயதில் தாமே ஒரு சுருக்க நூல் எழுதியவர், சுருக்க நூல்களின் பெருக்கம் கல்வியைக் கெடுக்கின்றது என்று பின்னாளில் எழுதினார். தேர்வுக்கு முன்னர் வினாவிடைக் குறிப்பேடுகளை நாடும் நம் மாணவர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். மொராக்கோவின் மத்ரஸாக்களில் மாணவர் பதினாறு ஆண்டுகள் தங்கியும், வாய் திறவாது மனனம் செய்வதிலேயே காலம் கழித்ததால் வாதிடும் திறன் பெறவில்லை. தூனிஸில் ஐந்து ஆண்டுகளே போதுமாயின என்று அவர் ஒப்பிடுகின்றார். வினவுதலும் உரையாடுதலுமே கல்வியின் வாயில் என்பது அவர் கண்ட உண்மை. மாணவரை அடித்து அச்சுறுத்தினால் அவர்கள் பொய்யும் வஞ்சமும் கற்பர் என்று ஆசிரியராகிய நமக்கும் அவர் எச்சரிக்கை விடுத்துள்ளார்.

ஆகவே நம்மிடம் வந்து அவ்வினாவைக் கேட்கும் மாணவருக்கு நாம் கூறுவது இதுவே. முதற்பாடத்தில் வேர் ஊன்றுக. மொழியாயினும், வரலாறாயினும், பொருளியலாயினும் அது உங்கள் இயல்பாகட்டும். அதன்பின் சட்டத்தையும் சமூகத்தையும் உடன் கற்க அஞ்ச வேண்டா. சட்டத்தை மட்டும் அறிந்தவர் பத்திரத்தைப் படிப்பார். சமூகத்தையும் அறிந்தவர் அப்பத்திரத்தின் பின்னே நிற்கும் மனிதனைப் படிப்பார். நீதி கேட்டு வரும் எளியவனுக்கு அந்த இரண்டாமவரே தேவைப்படுகின்றார்.

தயங்கும் பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை இரண்டு பாடங்களைக் கேட்கின்றான் என்பதற்காக மனம் அலைபாய்கின்றது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வீட்டுக்கு வந்த ஓர் அறிஞரைத் தங்கவைத்து, மகனை அவரிடம் அமரச் செய்த அந்தத் தூனிஸ் நகரத்துத் தந்தை அக்கல்வியின் பயனைக் காண உயிரோடில்லை. அவர் மறைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே முகத்திமா எழுதப்பட்டது. அந்நூல் இன்றும் உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் பயிலப்படுகின்றது. கல்விக்குச் செய்யும் செலவின் பயன் பல வேளைகளில் செய்தவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதற்காக அதனைச் செய்யாமல் இருத்தலும் தகாது.